வளைவுக்கடியில் தூள்

பிஸ்கட் கம்பெனியில் பதினாறு வருடமாகப் பெருக்கித் துடைக்கிற அக்காவுக்கு, பிஸ்கட் எங்கே உடைகிறது என்பது தெரியும். பிஸ்கட்டுகள் ஊர்ந்து போகிற பெல்ட் திரும்புகிற வளைவுக்கடியில்தான் தினமும் முறம் முறமாகத் தூள் அள்ளுகிறாள். மகா புத்திசாலியான மேனேஜரோ, பிஸ்கட் உடைவதற்கு அடுப்பைத் திட்டியே மூன்று மாதம் ஓட்டினார். இரண்டு தடவை அடுப்பை மாற்றியும் தொலைத்தார்.

கடைசியில் வெளியிலிருந்து வந்த நிபுணர், நேராக அக்காவிடம் போய், "தூள் எங்கம்மா அதிகமா விழுது?" என்று கேட்டார். அன்றே வளைவைச் சரிசெய்தார்கள். உடைவது நின்றது.

"இத ஏன் என்கிட்ட சொல்லல?" என்று மேனேஜர் எகிறினார்.

"உங்க ரூமைத் துடைக்க வரும்போது மூணு தடவ சொன்னேன் சார். மூணு தடவையும் காலை மட்டும் தூக்கிக்கிட்டீங்க."

இப்போதெல்லாம் அக்கா வாயைத் திறந்தாலே, மேனேஜர் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொள்கிறார்.