நாற்பது நாள் மட்டும் நிறுத்தியவன்

போன ஆண்டு ஜூலையில் ஒரு நாள், அடையாற்றில் தன் பள்ளி வாசலில் என் பேத்தி ஐம்பத்தைந்து நிமிடம் தனியாக நின்றாள். அவளுக்கு ஏழு வயது. அழைத்து வர வேண்டியவன் நான். மந்தைவெளியில் என் வீட்டுச் சோபாவில், மதியமே குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை என் மகள் ஸ்டெல்லா வந்தாள். கத்தவில்லை. "அப்பா, இனிமே நீங்க அவளக் கூட்டிட்டு வர வேணாம். இங்கயும் அனுப்ப மாட்டேன். குடிய விடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றாள். மனைவி இறந்து ஆறு ஆண்டு. எனக்கென்று இருந்தது அந்தக் குழந்தை ஒன்றுதான்.

நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். குடிகாரன் இல்லை என்பதற்கு என்னிடம் இரண்டு ஆதாரங்கள் இருந்தன. ஒன்று, இருமல் மருந்து மூடியால் அளந்துதான் குடிப்பேன். ஆறு மூடியில் தொடங்கியது அப்போது இருபதைத் தாண்டியிருந்தது. ஆனாலும் அளந்தேன். இரண்டாவது, ஒவ்வொரு தவக்காலத்திலும் நாற்பது நாள் நிறுத்திவிடுவேன். குடிகாரனால் அது முடியுமா?

நம் பங்குக் கோயிலில் அன்னையின் பீடத்தின் முன் ஒன்பது நாள் நவநாள் செய்தேன். "அம்மா, யாருக்கும் தெரியாமல் இதைச் சரி பண்ணிக் கொடு" என்பதே வேண்டுதல். நான்காம் நாளும் ஏழாம் நாளும் குடித்துவிட்டுத்தான் போனேன். வெட்கம் தாங்கவில்லை. ஒன்பதாம் நாள் 'யாருக்கும் தெரியாமல்' என்பது வாயில் வரவில்லை. "அம்மா, யாரையாவது அனுப்பு" என்று அழுதேன்.

வெளியே வந்தேன். அறிவிப்புப் பலகையில் கல்யாண அறிவிப்பு ஓலைகளுக்கு நடுவே ஒரு தாள். குடியை விட விரும்புவோருக்கான கூட்டம். தொலைபேசி எண்ணைக் கீழே பத்துத் துண்டுகளாக வெட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆறு துண்டுகள் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தன. நான் தனியாக இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஏழாவதைக் கிழித்துக்கொண்டேன்.

போனில் பேசியவர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "வியாழக்கெழம ஆறு மணி, நந்தனம். வாங்க சார், டீ கீது" என்றார்.

இருபத்தாறு படிகள் ஏறினேன். ஒரு பள்ளி வகுப்பறை. பன்னிரண்டு பேர். போனில் பேசியவர் ராயப்பேட்டைத் தையற்காரர், முஸ்லிம். எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைத்தார்கள். அங்கே கேட்டதைச் சொன்னவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

ஒவ்வொருவரும் பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிகாரன் என்று சொல்வது அங்கு வழக்கம். என் முறை வந்ததும் பாடம் நடத்துபவன்போல் எழுந்து நின்றேன்.

"நான் குடிகாரன் இல்ல. வருஷா வருஷம் தவக்காலத்துல நாப்பது நாள் தொடுறதில்ல."

"ஞாயித்துக்கெழமயுமா சார்?" என்று பாய் கேட்டார்.

"ஞாயிறு கணக்குல சேராது. சாம்பல் புதன்லேர்ந்து மொத்தம் நாப்பத்தாறு நாள். ஆறு ஞாயிறக் கழிச்சா நாப்பது."

சொல்லும்போதே காது சுட்டது. அந்த ஆறு ஞாயிறும் நான் குடித்தவன்.

பாய் சிரித்துவிட்டார். "நானும் அப்டித்தான் சார். நோன்பு முப்பது நாளும் சுத்தம். பெருநாள் பிறை தெரிஞ்சதும் ஊட்ல எல்லாரும் சேமியா வாங்க ஓடுவாங்கோ. நான் வேற கடைக்கு ஓடுவேன்."

ஓர் ஆட்டோ ஓட்டுநர் கையைத் தூக்கினார். "வாத்தியாரே, நான் மலைக்கு மாலை போட்டுக்கினு நாப்பத்தெட்டு நாளு. உன்னியவிட எட்டு ஜாஸ்தி!"

அறையே சிரித்தது. பல மாதங்களுக்குப் பிறகு நானும் சிரித்தேன். பிறகு சொன்னேன்: "என் பேரு அந்தோணி. நான் ஒரு குடிகாரன்."

திடீரென நிறுத்தினால் இந்த வயதில் ஆபத்து என்று மருத்துவரிடமும் அவர்களே அழைத்துப் போனார்கள். மூன்றாம் வாரம் ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு ஒரு பாட்டிலை வாங்கி மேசையில் வைத்துவிட்டேன். பாய்க்குப் போன் செய்தேன். வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு சைக்கிளில் வந்தார். புத்தி சொல்லவில்லை. பாட்டிலைப் பார்க்கவுமில்லை. "மேற்கு எந்தப் பக்கம் சார்?" என்று மட்டும் கேட்டார். அவர் தொழுதார். நான் ஜெபமாலை சொன்னேன். மாலையில் இருபது மணிகள் உருட்டி முடிந்ததும் எழுந்து போய்ப் பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தேன். அவர் குடியை விட்டு ஒன்பது ஆண்டுகள். எத்தனை வீடுகளுக்கு இப்படி ஓடினீர்கள் என்று கேட்டேன். "அத்த எவன் சார் எண்ணுவான்?" என்றார். இந்த மனிதரை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது.

நான் விட்டு இன்றோடு முந்நூற்றுப் பன்னிரண்டு நாட்கள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்டெல்லா பேத்தியை என்னிடம் மூன்று மணி நேரம் விட்டுப் போனாள். நான்கு முறை போன் செய்தாள். எனக்கு எரிச்சல்தான், ஆனால் அவள் செய்தது நியாயம். நான்காவது முறை பேத்தியே போனைப் பிடுங்கினாள். "அம்மா, தாத்தா நல்லாத்தான் இருக்காரு. சும்மா சும்மா போன் பண்ணாத, நாங்க கேரம் ஆடுறோம்."

கேட்டதைக் கொடுத்த இறைவனுக்கும், பரிந்து பேசிய அன்னைக்கும் நன்றி. இதைப் படிக்கும் உங்களில் யாரோ ஒருவர் என்னைப்போல் ஆதாரம் தேடிக்கொண்டிருக்கலாம். ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் கோயில் வாசல் வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் நிற்பேன். வாருங்கள். நான் ஒன்றும் கேட்க மாட்டேன். வியாழக்கிழமை சேர்ந்தே பஸ் ஏறலாம்.