ராகுகாலத்தில் வைத்த எல்டர்பெரி

வீட்டை விற்கப்போவதாக என் கணவர் சொன்ன அன்று, அரைத்துக்கொண்டிருந்த உழுந்தை அப்படியே விட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். நோர்வேயில், ஹொல்ம்லியாவில் வரிசைவீடுகளின் கடைசி வீடு எங்களுடையது. பின்கதவைத் திறந்தால் ஒரு துண்டு மண்.

"இஞ்சேரும், பனி தள்ளித் தள்ளி என்ரை இடுப்பு நாரி முறிஞ்சு போச்சு. ஸ்டோவ்னரிலை லிஃப்டோடை ஒரு பிளாட் எடுப்பம். இந்த மண்ணிலை என்ன முளைச்சது? முருங்கை செத்துது. கறிவேப்பிலை செத்துது. உம்மடை கத்தரியும் செத்துது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நாட்டுக்கு வந்து முதலில் அகதி முகாம், பிறகு யார் யாரோ வீட்டு அறைகள், பிறகு நாலாம் மாடி வாடகை வீடு. என் காலுக்குக் கீழே எப்போதும் வேறொருவருடைய கூரைதான் இருந்தது. கதவைத் திறந்தால் மண் என்பது எனக்கு இங்கேதான் கிடைத்தது. அதை விட்டுக்கொடுக்க நான் என்ன விசரியா?

"முளைக்க வைச்சுக் காட்டுறன்," என்றேன். "காய்க்கவும் வைப்பன்."

"எதை?"

ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், தண்டவாளக் கரையில் காட்டு எல்டர்பெரி நிற்கும். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் கிடந்துவிட்டு, கோடையில் சிவப்புக் காயோடு எழும்பி நிற்கும். அதன் கறுப்புப் பழ இனத்தை இந்த ஊர்க்காரர் தோட்டத்தில் வைத்து, பூவிலும் பழத்திலும் சாறு காய்ச்சுவார்கள். வாயில் வந்தது அந்தப் பெயர்தான்.

"கண்டறியாத செடி! ரோட்டுக்கரையிலை கிடக்கிறதைக் காசு குடுத்து வாங்கப் போறாவாம்." சிரித்துவிட்டுச் சொன்னார்: "சரி, மூண்டு கோடை தாறன். பழம் வந்தால் இருப்பம். வராட்டி மெக்லரைக் கூப்பிடுவன்." மெக்லர் என்றால் இங்கே வீடு விற்றுத் தருகிறவர்.

நான் தோற்க வேண்டும் என்றிருந்த மனிதர்தான் நாளும் பார்த்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு. "விளையாட்டுக்கும் நாள் பாராமல் மரம் வைக்கப்படாது," என்று ஃபோனில் பஞ்சாங்கத்தை உருட்டினார். சித்திரை வருசப்பிறப்பு, காலையில் நல்ல நேரம். பட்டுச்சேலைக்கு மேலே குளிர்ஜாக்கெட்டைக் கொழுவிக்கொண்டு நானும், வேட்டிக்குள் கம்பளிக் காற்சட்டை போட்டுக்கொண்டு அவரும், இரண்டு செடிகளோடு பின்பக்கம் இறங்கினோம்.

மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். 'டங்' என்றது. மேலே நாலு விரல் சேறு, கீழே கல்லாக உறைந்த மண்.

"நேரம் போகுது!" என்று உள்ளே ஓடியவர் கொதித்த கேத்தலோடு வந்தார். தேத்தண்ணிக்கு வைத்த சுடுதண்ணீரை ஊற்றி, இளகியதைத் தோண்டி, மறுபடி கேத்தலை நிரப்பி, மறுபடி ஊற்றி, ஒருவழியாகக் குழி எடுத்தோம். செடிகளை வைத்து மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டும் விட்டோம். பக்கத்து வீட்டு நோர்வேக்காரி யன்னலில் கோப்பிக் கோப்பையோடு நின்று பார்த்தாள். பாவம், என்ன சடங்கென்று நினைத்தாளோ!

அடியில் உறைந்திருந்தால் ஊற்றிய தண்ணீர் எங்கே போகும்? குழிக்குள்ளேயே தேங்கியது, இரவில் உறைந்தது, பகலில் கரைந்தது. பேர்ச் மரங்கள் தளிர்த்தபோது என் செடிகள் இரண்டும் வெறுந்தடியாக நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அழுகிய வேரோடு கையோடு வந்தது.

"நான் சொன்னன்தானே," என்றார்.

"நல்ல நேரம் பஞ்சாங்கத்துக்கோ, செடிக்கோ?" என்று கத்தினேன். அழுகையும் வந்தது. ஒரு கோடை போய்விட்டது.

அடுத்த வசந்தத்தில் நான் ஒரு ஐயரையும் கேட்கவில்லை, ஆண்டவனையும் கேட்கவில்லை. செடி விற்கிற கடையில் கேட்டேன். மண் அடிவரை இளக வேண்டும், ஆனால் இலை முழுக்க விரிந்துவிடவும் கூடாது, அந்த இடைவெளிதான் நல்ல காலம் என்றார்கள். இலையுதிர்காலத்திலும் வைக்கலாமாம். ஆனால் வேர் பிடிக்குமுன் பனி வந்து செடியைக் கிளப்பிவிட்டால் அதோடு போச்சு. எனக்கு அந்தச் சூதாட்டம் வேண்டாம். தனிச்செடி நன்றாகக் காய்க்காது என்பதால், வளர்ந்த செடிகளாகப் பார்த்து வேறு வேறு இனத்தில் இரண்டு வாங்கினேன்.

வேலையால் வந்ததும் வராததுமாய், கோடையில் இறைச்சி வாட்டுகிற கம்பியை எடுத்துக்கொண்டு போய் மண்ணில் குத்திப் பார்ப்பேன். பாதியில் நிற்கும். இன்னொரு நாள் இன்னும் கொஞ்சம் இறங்கும். மே மாதம் பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், கம்பி வெண்ணெய்க்குள் போவதுபோல் பிடிவரை இறங்கியது. மண்வெட்டியை எடுத்தேன்.

யன்னல் திறந்தது. "ஐயோ, இண்டைக்கு அட்டமி! அதுவும் ராகுகாலம்! தொட்டது துலங்காது, சொல்லிப்போட்டன்!"

"நீங்கள் யன்னலைச் சாத்திப்போட்டுச் சும்மா இருங்கோ," என்றேன். வைத்து, மண்ணை மிதித்து, தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

துலங்கியது! அந்தக் கோடையிலேயே இடுப்பளவு. மூன்றாம் கோடையில் என் தலைக்கு மேல். ஜூன் கடைசியில் வெள்ளைத் தட்டுத் தட்டாய்ப் பூத்தது. கோயிலில் தெரிந்தவர்கள் சர்பத்துக்குப் பூக் கேட்டு வந்தார்கள். "ஒரு பூவிலை கை வைச்சாலும் கொலை விழும்," என்றேன். பூ போனால் பழம் ஏது?

செப்டம்பரில் காய் கறுக்கத் தொடங்கியதும் குருவிகள் வந்து இறங்கின. என் பழைய நைலெக்ஸ் சேலைகளை எடுத்துச் செடிகளுக்குச் சுற்றிக் கட்டினேன். ஒரு சனிக்கிழமை கடையால் வருகிறேன், வீட்டுக்குப் பின்னால் ஒரே சத்தம். இவர் தாச்சிச் சட்டியும் அகப்பையுமாக நின்று தட்டிக்கொண்டிருக்கிறார்.

"என்ன செய்யிறியள்?"

"பிறகு? எல்லாத்தையும் குருவி தின்னட்டோ?" என்றார் கோபமாக.

எனக்குள் மேளம் அடித்தது.

பழம் பிடுங்கிய அன்று இரண்டு பேருடைய கையும் நாவல்பழம் தின்ற வாய் மாதிரி ஆகிவிட்டது. ஒன்றை வாயில் போடப் போனவரின் கையில் ஒரு அடி போட்டேன். "பச்சையாய்த் தின்னப்படாது, வயித்தைக் கலக்கும்!" சீனியும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சினேன். குசினி முழுக்க மணம். சுடச்சுட ஒரு தம்ளரில் கொடுத்தேன். குடித்தார். தம்ளரை மறுபடி நீட்டினார்.

அப்போது ஃபோன் அடித்தது. மெக்லர். கோடை முடிய ஃபோன் எடுக்கச் சொல்லி இவரே முந்திச் சொல்லிவைத்திருந்தாராம். என்ன சொல்லப்போகிறாரோ? கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இந்த மனிதரின் நாரி ஒரு பக்கம்.

ஃபோனில் சாறு படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நொஷ்க் மொழியில் மெதுவாகச் சொன்னார்: "இல்லை, விற்கவில்லை. நாங்கள் இங்கேதான் இருக்கப்போகிறோம்."

இந்த நாட்டில் எந்த வீட்டில் இருந்தபோதும், யார் கேட்டாலும், "இப்போதைக்கு இருக்கிறம்" என்றே சொல்லிவந்த மனிதர் அவர். நான் அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த வயதில், அவருக்கு முன்னாலேயே குசினிக்குள் ஒரு சுற்று ஆடினேன்.