உப்பு வண்டி வருவதற்குள்

ஹார்லன் பிட்னர் முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன். எந்தத் தெருவில் திரும்புவது, எந்த வீட்டு வாசலில் நிறுத்துவது என்பதையெல்லாம் பள்ளியே முடிவு செய்து கொடுத்துவிடும். அதனாலோ என்னவோ, சொந்தமாக முடிவெடுக்கும் பழக்கமே அவனுக்கு வரவில்லை. காலைச் சாப்பாட்டுக் கடையில், முட்டையைக் கலக்கிப் போடவா, ஆஃப்பாயிலா என்று கேட்டால் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்ப்பான். அவன் கராஜ் சுவரில் ஐந்து விதமான நீலம் பட்டை பட்டையாகப் பூசியிருக்கும். எது நன்றாக இருக்கிறது என்று பார்க்கப் பூசியது, இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறான். கல்யாணம்கூட டோரீன் கேட்டதால்தான் நடந்தது. நான் பக்கத்து வீட்டுக்காரன், இரண்டு வீட்டுக்கும் வண்டி நுழையும் பாதை ஒன்றே, ஆகவே கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அவனிடம் அறுபத்தேழாம் வருடத்து செவெல் கார் ஒன்று இருக்கிறது. எட்டு சிலிண்டர் எஞ்சின், தானாக மாறும் கியர், முன்னால் சோபா மாதிரி நீளமாக ஒரே இருக்கை. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. டோரீன் அதில் எத்தனையோ தடவை ஊர் சுற்றியிருக்கிறாள். ஒரு தடவைகூட ஓட்டியதில்லை. ஒஹாயோவில் எங்கள் பக்கம் அது எழுதாத சட்டம். பழைய வண்டி வைத்திருப்பவன் சாவியை யாருக்கும் தரமாட்டான். மனைவி பக்கத்தில் உட்காரலாம், கண்ணாடியைத் துடைக்கலாம், அவ்வளவுதான்.

மார்ச்சில் டோரீனுக்கு நரம்பு வியாதி என்று தெரிந்தது. வலது கால்தான் முதலில் ஓயும் என்றார் டாக்டர். கோடை வரைக்கும் பயமில்லை, அதற்கப்புறம் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அன்று மாலை அவர்கள் வீட்டுச் சமையலறையில் நானும் இருந்தேன்.

"ஹார்லன், கால் வேலை செய்யறப்பவே உன் செவெல்லை நான் ஒரு தடவை ஓட்டணும். ஏரி ரோட்டுல. நீ பக்கத்துல வாயை மூடிக்கிட்டு உக்காரணும்."

"சரி" என்றான் ஹார்லன். வாழ்க்கையிலேயே அவன் யோசிக்காமல் சொன்ன ஒரே பதில் அதுதான். அப்புறம் யோசிக்க ஆரம்பித்தான், வந்தது வினை.

ஒரே ஒரு தடவை ஓட்டப்போகிறாள். எஞ்சினோ கிழடு தட்டிவிட்டது. அவள் காலை வைத்ததும் வண்டி பாய வேண்டாமா? சக்தியைக் கூட்டித்தான் ஆகவேண்டும் என்று, ஏப்ரலில் எஞ்சினைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டான்.

"என்ன செய்யப்போறேன்னு முடிவு பண்ணாம எஞ்சினை எதுக்குடா கழட்டின?" என்று கேட்டேன்.

"கழட்டிட்டா முடிவு தானா வந்துடும்ல."

இதில் அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பாதி கராஜ்களில் வயிறு காலியான வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கும்.

சனிக்கிழமைதோறும் பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் மாட்டுத்தீவனக் கடை வாசலில் கூடுவோம். பானட்டைத் திறந்துவைத்து, மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அடுத்தவன் எஞ்சினைக் குறை சொல்லுவோம். ஹார்லன் வண்டியில்லாமல் வந்து, எஞ்சின் சக்தியைக் கூட்ட என்ன செய்வது என்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டான்.

"புளோயர் போடு" என்றான் டுவேன். "எஞ்சின் தலையில உக்காந்து காத்தை உள்ள அமுக்கித் தள்ளும். தொட்டவுடனே பாயும்."

"பானட்?"

"பானட்ல ஒரு ஓட்டை வெட்டணும். அதுலேர்ந்து தலையை நீட்டிக்கிட்டு ஜம்முனு நிக்கும்."

"டோரீன் குள்ளம்டா. ரோடு எப்படித் தெரியும்?"

"அவன் பேச்சைக் கேட்காத" என்றான் கிளிஃப். "டர்போ போடு. வீணாப் போற புகையை வெச்சே காத்தை இழுத்துக்கும். பானட்டுல கை வைக்க வேண்டாம்."

"அப்ப அதுவே போட்டுடவா?"

"போடு. ஆனா மிதிச்சா கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் இழுக்கும்."

"இவனே யோசிச்சுட்டுத்தான் இழுப்பான், வண்டியுமா?" என்றான் டுவேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹார்லனும் சிரித்தான், பாவம், எதற்கென்று அவனுக்குத் தெரிந்ததா என்பது சந்தேகம்.

மெர்வின் நைட்ரஸ் சிலிண்டர் என்றான். டிக்கியில் வைத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், வாயு எஞ்சினுக்குள் பாய்ந்து வேகத்தைக் கூட்டும். பழைய பிஸ்டன் தாங்குமா என்று கேட்டதற்கு, தாங்கினால் தாங்கும் என்று பதில் வந்தது. இன்னொருவன் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்று என்றான். அதை மாற்றினால் சிக்னலில் நிற்கும்போது வண்டி குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கும் என்றான் அவன் தம்பி. எதைப் போட்டாலும் கியர்பாக்ஸ் தாங்காது, அதை மாற்றினால் பின் அச்சு தாங்காது, எல்லாம் மாற்றினால் ரேடியேட்டர் போதாது.

வீட்டுக்கு வந்து என் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவான். "டுவேன் சொன்னா டுவேன் சரின்னு தோணுது. கிளிஃப் சொன்னா கிளிஃப் சரின்னு தோணுது. வீட்டுக்கு வந்தா ரெண்டு பேரும் தப்புன்னு தோணுது. நீயாவது சொல்லேன்டா."

நானும் ஒன்றைச் சொல்லித்தொலைத்தேன். குழப்பம் இன்னும் கூடியது.

ஜூனில் டோரீன் கைப்பிடியைப் பிடித்துப் படியேறினாள். மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்தபோது கைத்தடி வந்தது. செப்டம்பரில் பள்ளி திறந்ததும் நான்கு கால் வாக்கர். எஞ்சின் அதே ஸ்டாண்டில் போர்வை போர்த்திக்கொண்டு தூங்கியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் கால் ஒவ்வொரு மாதமும் ஒரு முடிவைச் சொல்லிக்கொண்டிருந்தது, இவன் மட்டும் சொல்லவில்லை.

அக்டோபர் கடைசியில் அவளே வாக்கரைத் தள்ளிக்கொண்டு கராஜுக்கு வந்தாள். நாங்கள் இருவரும் மறுபடியும் டர்போவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"இந்த எஞ்சினை இருந்தபடியே திருப்பி மாட்டு."

"இல்ல டோரீன், இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை—"

"மாட்டுய்யா!"

மாட்டினோம். டுவேனும் கிளிஃபும்கூட வந்து கைகொடுத்தார்கள். வேலை முடிந்து எஞ்சின் உறுமிய காலையில் தரையெல்லாம் உறைபனி. தெருக்கோடியில் நகராட்சி லாரி பனி உருக ரோட்டில் உப்பைத் தூவிக்கொண்டு போனது. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். உப்பு விழுந்த ரோட்டில் பழைய வண்டியை எடுப்பவன் எங்கள் ஊரில் கிடையாது. அடிப்பாகத்தைத் துரு தின்றுவிடும். வசந்தம் வரைக்கும் போர்வைதான்.

"ஏப்ரல்ல பாத்துக்கலாம் ஹார்லன்" என்றான் டுவேன் மெதுவாக.

ஹார்லன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாவியை எடுத்து டோரீன் கையில் வைத்தான்.

அவளைத் தூக்கி ஸ்டீயரிங் முன் உட்காரவைத்தோம். ஹார்லன் மறுபக்கம் ஏறி உட்கார்ந்தான், வாக்கரோடு நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள், சாவியைத் திருப்பினாள். வலது கால் ஆக்ஸிலரேட்டருக்கு நகரவில்லை. தொடையைக் கையால் தூக்கி வைத்துப் பார்த்தாள். கால் சரிந்து இறங்கியது. இன்னொரு தடவை தூக்கி வைத்தாள். அப்புறம் அப்படியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

ஹார்லன் நீள இருக்கையில் நகர்ந்து நகர்ந்து அவளுக்கு வலப்பக்கமாக ஒட்டி உட்கார்ந்தான். அவள் வலது காலை மெல்ல ஓரமாக நகர்த்தி, தன் இடது காலை நீட்டி ஆக்ஸிலரேட்டர் மேல் வைத்தான்.

"இடது கால் நல்லாத்தானே இருக்கு? பிரேக்கைப் பாத்துக்க. ஸ்டீயரிங் உன்னோடது. மிதிக்கறது நான்."

"சொல்றப்ப மிதிக்கணும். யோசிக்கக் கூடாது."

"யோசிக்க மாட்டேன்."

ஏரி ரோட்டில் ஆளே இல்லை. இவன் மிதித்த மிதியில் வண்டி ஊர்ந்தது.

"இது என்ன ஸ்கூல் பஸ்ஸா? மிதி!"

மிதித்தான். உப்புக் கற்கள் வண்டிக்கடியில் சடசடவென்று அடித்தன. ஒரு கீறல் விழுந்தாலே துடித்துப்போகிறவன், அதைக் காதில் வாங்கவே இல்லை. டோரீன் வாய்விட்டுச் சிரித்தாள். ஏரி ஒரு பக்கம் பின்னால் ஓடியது.

"இன்னும்!"

"இவ்வளவுதான் டோரீன். தரையோட தரையா மிதிச்சிட்டேன். இதுக்கு மேல எஞ்சின்ல இல்ல. போதுமா?"

"தாராளமாப் போதும்" என்றாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏப்ரல்லயும் போதுமாத்தான் இருந்திருக்கும், ஹார்லன்."

 அவன் கண்ணைத் துடைக்கவில்லை. காலை மட்டும் எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தான்.