மிளகாய்க் கொல்லையில் ஒரு முகூர்த்தக்கால்

ரயில் பாதைக்கு அளந்து முளையடிக்கிறவனுக்கு ஊருக்கு ஊர் விருந்து கிடைக்கும், நிம்மதி மட்டும் கிடைக்காது. இந்த உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பரிதாபப்பட்டால் போதும்.

கோழியும் கிடாயும்

புதுக்கோட்டைக்கு ரயில் வந்து வருஷக்கணக்காகியும் இலுப்பூர்ப் பக்கம் மாட்டுவண்டிதான். அங்கே ஒரு கிளைப் பாதை போடலாமா என்று பார்த்துவர எங்களை அனுப்பினார்கள். 'போடலாமா' என்பதுதான் உத்தரவு. ஊருக்குள் அது 'போட்டாச்சு' என்று பரவிவிட்டது. முதல் ஊரில் கோழி அடித்துச் சோறு போட்டார்கள். மறுநாள் காலை பக்கத்து ஊர் அம்பலக்காரர் எங்கள் கூடாரத்து வாசலில் நின்றார்.

"அவுக கோழிதானே அடிச்சாக? நாங்க கெடா வெட்டுறோம். ரயிலை இங்கிட்டுத் திருப்புங்க."

பத்து மாதம்

தங்கம்மாள் என்பவரின் மிளகாய்க் கொல்லை வழியாகக் கோடு போனது. நிலம் போகிறதே என்று சண்டைக்கு வருவார் என நினைத்தேன். மோர் கொண்டுவந்தார். மகளை மானாமதுரையில் கட்டிக் கொடுத்திருந்தார். அவள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே நம் வழக்கம்? ஆனால் சம்பந்தியம்மாள், புதுக்கோட்டை வரை ரயிலில் அனுப்பலாம், அதற்குமேல் அந்தக் கல்லுப்பாதையில் பிள்ளைத்தாச்சியை வண்டியேற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

பாதை போட மூன்று நாலு வருஷமாவது ஆகும் என்றேன். அவருக்கு என்மேல் கோபமே வந்துவிட்டது.

"ஒரு உசுரே பத்து மாசத்துல உருவாகி வந்துருது. ஒங்க ரயிலுக்கு என்ன தம்பி கேடு?"

மஞ்சள் பூசிய முளை

அடுத்த நாள் போனால், அவர் கொல்லையில் நாங்கள் அடித்திருந்த முளைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டியிருந்தது, கல்யாண வீட்டு முகூர்த்தக்கால் மாதிரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இது வெறும் அளவுக் குச்சி, நாளைக்கே வேறு பக்கம் மாற்றி அடித்தாலும் அடிப்போம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தங்கம்மாள் கேட்டால்தானே!

"கால் ஊண்டியாச்சு. இனிமே காரியத்தை யாரு நிறுத்துறது?"

பிடுங்கும் வேலை

யுத்தம் நிறுத்தியது. இரும்பெல்லாம் அதற்கே வேண்டுமாம். புதுப் பாதை யோசனையைக் கைவிட்டார்கள். ஜனங்கள் ஏமாந்து காத்திருக்கக் கூடாதென்று முளைகளைப் பிடுங்கிவரச் சொல்லி என்னையே அனுப்பினார்கள்.

அந்தக் கொல்லைக்குக் கடைசியாகத்தான் போனேன். மகளுக்கு மானாமதுரையிலேயே பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் பிள்ளையும் சுகம். தங்கம்மாள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். தன் வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லையே என்கிற குறை முகத்தில் அப்படியே இருந்தது. எனக்கும் மனசு கஷ்டப்பட்டது. முளையில் மாவிலை மட்டும் புதிதாக இருந்தது. பிடுங்கக் குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டார்.

"தலைப்பிரசவத்துக்குத்தான் வரல, ரெண்டாவதுக்கு வரட்டும். காரியம் முடியாம காலைப் பிடுங்கக் கூடாது தம்பி."

ஒரு முளையைக் கறையான் தின்றுவிட்டது என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். ரயில் வருகிறது என்று ஊரெல்லாம் நம்பவிட்ட எங்கள் உத்தியோகத்தில் அது ஒன்றும் பெரிய பொய் இல்லை.