அடுப்படிக்கு வந்த வைஃபை

என் மதினிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. சென்னையில் வேலை பார்க்கும் அவர் மகளுக்கும் அப்படித்தான். சாயங்காலம் மதினி சமைக்கிற நேரத்தில் மகள் வீடியோ காலில் வருவாள். இருவரும் கைகளால் பேசிக்கொள்வார்கள்.

எங்கள் ரவுட்டர் முன்னறையில், மாதா சுரூபத்தின் பக்கத்தில் இருந்தது. சீரியல் பல்புக்காகப் போட்ட பிளக் அங்கேதான் இருக்கிறது. அடுப்படியில் படம் நின்று நின்று வரும். என் போனில் நான் பேசும்போது குரல் கேட்கிறதே என்று நான் அதைக் கண்டுகொண்டதில்லை.

அந்த ரவுட்டர் பழுதானதும் திண்டுக்கல் கடைக்கு மதினியும் கூட வந்தார். கடைக்காரர் நான்கு ஆன்டெனா வைத்த ஒன்றை எடுத்தார். "இதுல சினிமா பறக்கும்ணே!"

நான் தலையாட்டினேன். மதினி என் தோளைத் தட்டினார். வேகமாகக் கைகளால் பேசிக்கொண்டே வந்தவர், பாதியில் அப்படியே அசையாமல் நின்றார். பிறகு தன் வாயைத் தானே பொத்திக் காட்டினார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. படம் நின்றால் அவர்களுக்குப் பேச்சே நின்றுபோகிறது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தோன்றவேயில்லை.

கடைக்காரரிடம் விவரம் சொன்னேன். "அப்ப ரெண்டா வர்றத வாங்குங்கண்ணே. ஒண்ணு முன்னால, ஒண்ணு அடுப்படியில. அக்கா எங்க நின்னாலும் படம் நிக்காது."

அன்று சாயங்காலம் எண்ணெய் டின்னில் போனைச் சாய்த்து வைத்து மதினி பேசினார். கைகள் ஓயவேயில்லை. எங்கள் வீட்டில் அம்புட்டுப் பேச்சை நான் பார்த்ததே இல்லை. குழம்பு தீய்கிற வாடை வந்தது. அவர்கள் பேச்சுக்குக் குறுக்கே போய்விடாமல், குனிந்தபடியே போய் அடுப்பை அணைத்தேன்.