சிவப்பு விளக்கு எரியும்போது

ஞானமதி டீச்சருக்கு வானொலியில் கதை வாசிக்க வேண்டும் என்ற ஆசை பள்ளிக்கூட நாட்களிலேயே வந்துவிட்டது. செஞ்சிக்குப் பக்கத்தில் அவருடைய அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்தார். வீட்டில் பெரிய ரேடியோ இருந்தது. கச்சேரி முடிந்ததும் யாராவது ஒருவர் கதையோ கவிதையோ வாசிப்பார். "வாசிக்கிறதைப் பாட்டு கேட்டுத்தான் கத்துக்கினேன்" என்பார் டீச்சர். பாடகி ஆலாபனையின் நடுவே எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கவனித்து, பாடப்புத்தகத்தையும் அப்படியே வாசித்துப் பார்த்திருக்கிறார்.

கல்லூரி முடித்த வருஷம் நகரத்து நிலையம் ஒன்றுக்குக் குரல் தேர்வுக்குப் போனார். அவர் முறை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவர்களுடையது சமணக் குடும்பம். பொழுது போனபின் சாப்பாடு மட்டுமல்ல, தண்ணீரும் கிடையாது. வறண்ட தொண்டையோடு உள்ளே போனார். இரண்டாவது பத்தியிலேயே குரல் கம்மிவிட்டது. தேர்வாகவில்லை. பிறகு திண்டிவனத்தில் தமிழ் டீச்சர் ஆனார், சாந்திநாதனைக் கல்யாணம் செய்துகொண்டார். சர்க்கரை நோயில் கணவருக்குக் கண் மங்கிய பிறகு, செய்தித்தாளைத் தலைப்பிலிருந்து இரங்கல் விளம்பரம் வரை அவருக்கு வாசித்துக் காட்டுகிறார்.

மயிலம் பக்கத்தில் ஒரு கல்லூரி நடத்தும் சிறிய வானொலியில் நான் வேலை செய்கிறேன். பழைய வானொலியைப் போல வாரம் ஒரு மணி நேரம் வீணையும் கதை வாசிப்பும் ஒலிபரப்பலாம் என்று முடிவானது. வாசிக்க ஆள் தேடுவது தெரிந்து டீச்சரே போன் செய்தார்.

"எனக்கு வயசாயிடுச்சு. குரலுக்கு இன்னும் வயசாகலன்னு நெனைக்கிறேன். கேட்டுப் பாத்துச் சொல்லுங்க."

வரச் சொன்ன நாளில் மதியமே வந்துவிட்டார். கரண்ட்தான் இல்லை. "இதோ வந்துடும் டீச்சர்" என்று நிகழ்ச்சிப் பொறுப்பாளர் பிரான்சிஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். அது வந்தபோது ஜன்னலுக்கு வெளியே இருட்டியிருந்தது.

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஆரம்பிக்கலாம் டீச்சர்."

"பொழுது போச்சுப்பா. இனிமே காலையிலதான்."

"வெறும் தண்ணிதானே?"

"வெறும் தண்ணிதான். அதையுந்தான் வேணாங்கறேன்."

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அறுவடைக்கு வந்த ஒரு பெண்ணின் கதை. முதல் இரண்டு பக்கம் நன்றாகப் போனது. மூன்றாவதில் குரல் பிசிறியது. நிறுத்தும்படி கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பிரான்சிஸ் கையைக் காட்டினார். டீச்சர் தலையை ஆட்டி மறுத்தார். "நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வாக்கியமாக இழுத்துக் கடைசிவரை வாசித்தார்.

"கை காட்டினேனே டீச்சர், ஏன் நிறுத்தல?"

"வெளியில கேட்டுக்கினு இருக்கிறவங்களை நடுவுல விட்டுட்டு எப்படிப்பா நிறுத்தறது?"

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. சிவப்பு விளக்கு எரிந்தால் பேசுவது அந்த நொடியே ஊருக்குக் கேட்கும் என்பதுதான் அவர் அறிந்த வானொலி.

"இது பதிவு டீச்சர். வெள்ளிக்கிழமைதான் போகும்."

"ஐயய்யோ, அவரை ரேடியோ முன்னாடி உக்கார வெச்சிட்டு வந்தேனே!"

போன் போட்டுக் கொடுத்தோம். சாந்திநாதனின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "என்னா ஞானம், ரொம்ப நேரமா ஒருத்தன் கேப்பைக்கு உரம் போடச் சொல்லிக்கினு இருக்கான். அது நீதானா?"

டீச்சர் சிரித்தார். போனை வைத்ததும் சிரிப்பு போய்விட்டது. "அப்ப இந்தத் தடவையும் நான் தேறல, இல்லப்பா?"

"காலையில வாங்க டீச்சர். திரும்பப் பதிவு பண்ணிக்கலாம்."

"திரும்பவா? அப்படியும் உண்டா?"

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து, தடங்கல் இல்லாமல் வாசித்து முடித்தார். ஆனால் பிரான்சிஸுக்கு முந்தைய நாள் பதிவின் மேல்தான் மனசு. "அதுல ஒரு உருக்கம் இருக்கு டீச்சர். அதையே போடலாமா?"

டீச்சர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டையும் முழுசாகக் கேட்டார்.

"நேத்து கஷ்டப்பட்டது நானு. கதையில வர்றவ இல்ல. இன்னிக்குப் படிச்சதைப் போடுங்க."

வெள்ளிக்கிழமை, திண்டிவனத்தில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். ரேடியோவில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. வீணை ஓய்ந்து டீச்சரின் பெயரைச் சொன்னதும் சாந்திநாதன் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். டீச்சர் ரேடியோவைப் பார்க்கவில்லை. கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பக்கத்துல ஜல்தி பண்ணிட்ட" என்றார் அவர், கதை முடிந்ததும்.

"ஆமாங்க. இன்னொரு தடவை கூப்பிட்டா மெதுவாப் படிக்கிறேன்."

"கூப்பிடுவீங்கதானேம்மா?" என்று சாந்திநாதன் என் பக்கம் திரும்பினார்.

அடுத்த வாரத்துக் கதையை பிரான்சிஸ் என்னிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். எடுத்து நீட்டினேன். டீச்சர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நின்றபடியே முதல் பக்கத்தில் கண்ணை ஓட்டினார். தாள் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மனசுக்குள்ளயே படிச்சிக்கினு இருந்தா எப்படி?" என்றார் சாந்திநாதன். "வாய் விட்டுப் படி."