தேத்தண்ணிக்கு முன் ஒரு முடிவு

குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில் எங்கள் தெருக்காரரின் சங்கத்துக்குத் தலைவியான முதல் கூட்டத்திலேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. வடையும் தேத்தண்ணியும் உள்ளே போனபின் எங்கள் ஆட்கள் எந்த முடிவும் எடுக்க மாட்டார்கள். பூங்காப் பாதைக்கு விளக்குக் கேட்டுக் கவுன்சிலுக்கு எழுதுவதா என்று தொடங்கிய பேச்சு, யாருடைய மகன் எங்கே வீடு வாங்கினான் என்பதில் போய் முடிந்தது.

அடுத்த கூட்டத்தில் தேத்தண்ணிப் பிளாஸ்கை என் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"பிள்ளை, தேத்தண்ணி ஆறப்போகுது," என்றார் எனக்கு முன் தலைவராக இருந்த அங்கிள்.

"பிளாஸ்கில ஆறாது அங்கிள். விளக்கு விசயத்தை முடிச்சுப்போட்டுக் குடிப்பம்."

யாரோ என்னைச் சர்வாதிகாரி என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. விழட்டும் என்று இருந்தேன். கொஞ்ச நேரத்திலேயே கடிதம் தயாராகிவிட்டது. அந்த வருடம் பாதைக்கு விளக்கு வந்தது, பஸ் தரிப்பிடத்துக்குக் கூரை வந்தது. பூங்காவில் நாய்களை அவிழ்த்துவிடுவது பற்றிய பழைய சண்டைகூட ஒரே மாலையில் தீர்ந்தது.

ஆனாலும் வருடாந்தக் கூட்டத்தில் என்னை இறக்கப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் செய்ததையெல்லாம் அடுக்கி ஒரு நீண்ட உரை எழுதிக்கொண்டு போனேன். அங்கே பிளாஸ்க் அங்கிளின் கதிரைக்குப் பக்கத்தில் இருந்தது.

"பேச்செல்லாம் வேண்டாம் பிள்ளை. நீயே தலைவியா இரு," என்றவர் மற்றவர்களைப் பார்த்தார். "கையைத் தூக்குங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

எல்லாக் கைகளும் எழுந்தன. அந்த உரையை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.